செங்கல்பட்டு வட்டாரத்தில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்பது ஒரு பள்ளியில் சேரும் ஒவ்வொரு மாணவரின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றை வரிசை எண்ணிட்டுக் குறித்துவைக்கும் நிரந்தர ஆவணம். வருகைப் பதிவேடு சில ஆண்டுகளில் கழிக்கப்பட்டுவிடும். சேர்க்கைப் பதிவேட்டை எந்தப் பள்ளியும் கழிப்பதில்லை. தலைமையாசிரியர் அறையின் பீரோவில் பூட்டிவைக்கப்படும் இந்தக் கனத்த நோட்டு, ஒரு தலைமையாசிரியர் மாறி இன்னொருவர் பொறுப்பேற்கும்போது கைமாறும் முதல் பொருள்களில் ஒன்று.

பள்ளிக்கு எத்தனை மானியம் தருவது, எத்தனை பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவது என்று கணக்கிட ஏற்பட்ட நோட்டு இது. ஒரு மனிதரின் வயதுக்கும் சாதிக்கும் பெயருக்கும் வாழ்நாள் சாட்சியாக அது ஆனது பின்னால் நடந்தது. அப்படி ஆகும் என்று நினைத்து யாரும் அதை வடிவமைக்கவில்லை. செங்கல்பட்டு வட்டாரத்தில் இம்மாற்றத்தை 250 ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தொடர முடியும். ஆங்கிலேயர் தென்னிந்தியாவில் முதலில் நிலமும் மக்களும் எண்ணிப் பார்த்த பகுதிகளில் இது ஒன்று.

கருங்குழியும் கணக்கும்

கருங்குழி, மதுராந்தகம் வட்டத்தில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பேரூராட்சி. வடலூருக்கு அருகில் வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் பிழை அவ்வப்போது நிகழ்கிறது. செங்கல்பட்டுக் கருங்குழியின் புகழ் அதன் கோட்டையால் வந்தது. 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிக் குறிவைத்த கோட்டை அது. போர்கள் ஓய்ந்தபின் ஊருக்கு வேறொரு பங்கு வந்தது. 1795 முதல் 1825 வரை மாவட்ட ஆட்சியரின் தலைமையிடம் கருங்குழி. இன்று ரயிலில் மதுராந்தகத்துக்கு முந்தைய சிறு நிலையமாக மட்டும் தெரியும் ஊரில், முப்பது ஆண்டுகள் ஒரு மாவட்டத்தின் கச்சேரிக் காகிதங்கள் சேர்ந்தன.

அதற்கு முன்பே இப்பகுதியில் ஒரு பெரும் கணக்கெடுப்பு நடந்திருந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர் நிலத்தை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்தார். எத்தனை காணி நிலம், எத்தனை ஏரி என்பதோடு எத்தனை வீடு, எந்தத் தொழில், எந்தச் சாதி என்பதும் எழுதப்பட்டது. கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய மூலக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. இக்கணக்கு வீட்டை எண்ணியது. ஆளை எண்ணவில்லை. ஒரு குழந்தைக்கு அதில் இடமே இல்லை.

திண்ணைப் பள்ளியில் பதிவு

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு இருந்ததில்லை. தேவையும் இருந்ததில்லை. விஜயதசமியன்றோ வேறொரு நல்ல நாளிலோ பிள்ளையை அழைத்துவந்து, அரிசியில் எழுத்தை எழுதவைத்து, வாத்தியாருக்குத் தட்சிணை கொடுத்தால் சேர்க்கை முடிந்தது. வாத்தியாருக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். பிள்ளையின் தகப்பன் யார், பாட்டன் யார், எந்தத் தெரு என்பது அவர் எழுதிவைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

வருகைக் கணக்கு மட்டும் உண்டு. அதுவும் அன்றன்றைக்கு. முதலில் வரும் மாணவனுக்கு வேத்தான் என்று பெயர். பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இதைப் போன்ற ஒரு வழக்கத்தை விவரிக்கிறது. முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒரு சுழி. மூன்றாவதாக வந்தவனுக்கு ஓர் அடி, அதற்குப் பின் வருபவர்களுக்கு வரிசைப்படி அடி கூடிக்கொண்டே போகும். மாணவனின் உள்ளங்கையே அன்றைய பதிவேடு. சாயங்காலத்துக்குள் அழிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டை வசதியானது என்று மட்டும் பார்ப்பது தவறு. வாத்தியாருக்கு எல்லாரையும் தெரியும் என்றால், யார் திண்ணைக்கு வரக்கூடாது என்பதும் அவருக்கு எழுதாமலே தெரியும். பதிவேடு இல்லாத இடத்தில் மறுக்கப்பட்டவருக்கும் பதிவு இல்லை.

மன்றோவின் படிவம்

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் மாகாணத்தின் நாட்டுப் பள்ளிகள் பற்றிக் கணக்குக் கேட்டார். வருவாய் வாரியம் ஜூலையில் எல்லா ஆட்சியர்களுக்கும் ஒரு படிவத்தை அனுப்பியது. செங்கல்பட்டு ஆட்சியரின் பதில் 1823 ஏப்ரலில் வாரியத்துக்குச் சென்றது. கருங்குழி மாவட்டத் தலைமையிடமாக இருந்த காலம் அது. மாவட்டத்தில் 508 பள்ளிகள் இருந்ததாக அப்பதில் சொன்னது. ஒரு கிராமத்து வாத்தியாரின் மாத வருமானம் மூன்றரை ரூபாய் முதல் 12 ரூபாய் வரை, சராசரி ஏழு ரூபாய்க்கு மேல் போகாது என்றும் ஆட்சியர் எழுதினார். இக்கடிதங்கள் அனைத்தையும் காந்திய ஆய்வாளர் தரம்பால் 1983இல் நூலாகத் தொகுத்தபின்னரே பொதுவாசகர் கவனத்துக்கு வந்தன.

மாகாணம் முழுவதற்குமான தொகையை மன்றோ 1826 மார்ச்சில் பதிவுசெய்தார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்த எண்கள் பழைய கல்வி எவ்வளவு பரவலாக இருந்தது என்ற விவாதத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. விவாதத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது படிவத்தின் அமைப்பு. அதில் மாணவர்களைப் பிரிக்கும் கட்டங்கள் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம் என்று இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்ற பிரிவு உண்டு. பெயருக்கு இடம் கிடையாது. வயதுக்கும் கிடையாது. மாணவரைப் பற்றி அரசு கேட்ட முதல் கேள்வி சாதி. கன்னட மாவட்ட ஆட்சியர் மட்டும் படிவத்தை நிரப்புவது வெகுகாலம் பிடிக்கும் வேலை என்று சொல்லி நிரப்பாமலே பதில் எழுதினார்.

மானியத்துக்காக ஒரு நோட்டு

தனி மாணவரின் பெயரைக் குறிக்கும் பதிவேடு அடுத்த அரை நூற்றாண்டில் வந்தது. அதைக் கொண்டுவந்தது பணம். 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் நீண்டகாலம் நடப்பில் இருந்தது தேர்ச்சியை வைத்து மானியம் தரும் முறை. ஆய்வாளர் வந்து மாணவர்களைத் தேர்வுசெய்து, இத்தனை பேர் தேறினார்கள் என்றால் இத்தனை ரூபாய். ஆய்வாளர் முன் நிற்கும் பையன் உண்மையிலேயே இந்தப் பள்ளியில் இத்தனை மாதம் படித்தவன்தானா, ஆய்வு நாளுக்காகப் பக்கத்து ஊரிலிருந்து அழைத்துவரப்பட்டவனா என்ற சந்தேகம் வந்தது. சேர்ந்த தேதி, தகப்பன் பெயர், வயது, சேர்க்கை எண் எல்லாம் எழுதப்பட வேண்டியதாயிற்று. பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத மாணவர்களைக் கண்டுபிடிப்பது அன்று முதல் இன்றுவரை கல்வித்துறை ஆய்வின் ஒரு பகுதி.

1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் சென்னை தொடக்கக் கல்விச் சட்டமும் கிராமப் பள்ளிகளை உள்ளாட்சி வாரியங்களின் கீழ் கொண்டுவந்தன. அவற்றோடு ஒரே மாதிரியான பதிவேடுகளும் வந்தன. பழைய நோட்டுகளில் அம்மை குத்தப்பட்டதா என்ற கட்டமும், மச்சம், தழும்பு போன்ற அங்க அடையாளங்களுக்கான கட்டமும் இருக்கும். புகைப்படம் இல்லாத காலத்தில் ஒருவரை அடையாளம் காண இடது முழங்கையில் ஒரு மச்சம் போதுமானதாக இருந்தது.

சாதிக் கட்டம்

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலமற்றவர்களாக, கடனால் பண்ணையாரிடம் கட்டுண்டவர்களாக அவர்கள் இருந்ததை விவரித்த அந்த அறிக்கை, பஞ்சமி நிலம் என்று பின்னர் அழைக்கப்பட்ட நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. அதையொட்டிய காலத்தில், 1893 பிப்ரவரியில், ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பள்ளிகளும் சிறப்பு உதவிகளும் அளிக்கும் கல்வித்துறை ஆணை வந்தது. செங்கல்பட்டுப் பகுதியில் ஆடம் ஆண்ட்ரூ போன்ற ஸ்காட்லாந்து மிஷனரிகள் ஏற்கெனவே இப்பணியில் இருந்தனர்.

இதோடு சேர்க்கைப் பதிவேட்டின் சாதிக் கட்டத்துக்குப் புதிய பொருள் வந்தது. மன்றோவின் படிவத்தில் அது வெறும் எண்ணிக்கை. இப்போது கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அந்த ஒரு சொல்லைப் பார்த்தே கிடைத்தன. ஒதுக்கிவைப்பதற்குப் பயன்பட்ட அதே சொல், உரிமையைக் கேட்பதற்கும் தேவைப்பட்டது. இந்த இரட்டைத்தன்மை அந்தக் கட்டத்தை விட்டு இன்றும் நீங்கவில்லை.

ஆணை வந்ததால் பள்ளிக்கதவு திறந்துவிடவில்லை. அக்கிரகாரத்திலும் கோயில் இடங்களிலும் நடந்த பொதுப்பள்ளிகளுக்கு ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் போக முடியவில்லை. அத்தகைய பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றும்படி 1919இல் அரசு சொல்லவேண்டியிருந்தது. தொழிலாளர் துறையின் கீழ் தனியாகப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த மரபில் வந்தவை.

1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் ஆகிய சொற்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்ற சொல் வந்தது. ஆகவே ஒரே குடும்பத்தின் தாத்தா, மகன், பேரன் மூவரின் பதிவுகளில் மூன்று வேறு சொற்கள் இருப்பது இயல்பு. ஆவணத்தை மட்டும் பார்க்கும் அலுவலருக்கு அது முரண்பாடாகத் தோன்றும்.

கட்டத்தை வெறுமையாக விடும் உரிமையும் தமிழ்நாட்டில் உண்டு. சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோர் அக்கட்டங்களை நிரப்ப வேண்டியதில்லை என்று 1973 ஜூலையில் அரசாணை வந்தது. 2000 ஜூலையில் அதே கருத்தை அரசு மறுபடியும் ஆணையாக வெளியிட்டது. முதல் ஆணை பல பள்ளி அலுவலகங்களை எட்டியிருந்தால் இரண்டாவது ஆணைக்குத் தேவை இருந்திருக்காது. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவருக்குச் சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழை வட்டாட்சியர் அளித்தார். அவருடைய பள்ளி ஆவணங்களில் முதலிலிருந்தே அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருந்தது அச்சான்றிதழுக்கு உதவியது.

காதைத் தொட்ட வயது

சேர்க்கைப் பதிவேட்டின் மிக உறுதியான பதிவாகக் கருதப்படுவது பிறந்த தேதி. மிக நிச்சயமற்ற முறையில் எழுதப்பட்டதும் அதுவே.

பிறப்பு, இறப்புகளைப் பதிவுசெய்யும் சென்னைச் சட்டம் 1899இலும் இந்தியா முழுமைக்குமான சட்டம் 1969இலும் வந்தன. கிராமங்களில் பிறப்பைப் பதிந்தவர்கள் பரம்பரைக் கிராம அலுவலர்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது. வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்தில் எல்லாப் பிறப்புகளும் அவர்கள் நோட்டுக்கு வரவில்லை. வந்தாலும் பெயரிடும் முன்னரே பதியப்பட்டதால் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று மட்டும் இருக்கும். பெயரைச் சேர்க்க 15 ஆண்டு அவகாசம் உண்டு. பெயர் எழுதாத பிறப்புப் பதிவு பள்ளிச் சேர்க்கைக்கு உதவாது.

எனவே வயதைப் பிள்ளையின் உடம்பிலேயே பார்த்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வது தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்ட முறை. தொட்டால் ஐந்து வயது நிறைந்தது. தொடாவிட்டால் அடுத்த வருடம் வரவேண்டும். இது மூடத்தனம் அல்ல. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஐந்து, ஆறு வயதில்தான் கை அந்த அளவுக்கு நீளும். குத்துமதிப்பாக வயதை அறிய அது ஏற்றதே. ஆனால் காது தேதியைச் சொல்லாது. பதிவேட்டின் கட்டமோ நாள், மாதம், வருடம் மூன்றையும், அதுவும் எண்ணிலும் எழுத்திலும் கேட்டது.

தாய் சொல்லும் காலக்கணக்கு வேறுவிதமானது. பெரிய புயல் அடித்த வருடம், ஏரி உடைந்த வருடம், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் என்று அது இருக்கும். அதைத் தேதியாக மாற்றியவர் ஆசிரியர். ஜூனில் பள்ளி தொடங்கும். ஜூலை 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். விதிக்குப் பொருந்தும்படி மே, ஜூன் மாதங்களில் ஒரு நாளை எழுதிவிடுவதே எளிது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையில் ஏராளமானோருக்கு இம்மாதங்களில் பிறந்தநாள் வருவதற்குக் காரணம் இதுவே. காமராஜர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபின் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் அழைத்தும் வந்தார்கள். அன்று முக்கியமாக இருந்தது பிள்ளை பள்ளிக்குள் வருவது. தேதியின் துல்லியம் பெரிதாகப் படவில்லை. அந்த முன்னுரிமை சரியானது என்றே சொல்லவேண்டும்.

விளைவு பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. சென்னை மாகாணத்தில் 1911 வாக்கில் மெட்ரிகுலேஷனின் இடத்துக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், சேர்க்கைப் பதிவேட்டின் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டது. வேலையும் ஓய்வும் ஓய்வூதியமும் அதை வைத்தே கணக்கிடப்பட்டன. தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கேட்டால்தான் பிறந்த தேதியைத் திருத்தக் கோரலாம். இந்தச் சிக்கல் எளியவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டியதில்லை. இந்தியத் தரைப்படைத் தலைவர் வி.கே. சிங், பள்ளிச் சான்றிதழில் 1951 என்றும் இராணுவப் பயிற்சிக்கான விண்ணப்பத்தில் 1950 என்றும் இருந்த பிறந்த ஆண்டுக்காக உச்ச நீதிமன்றம் சென்றார். 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார்.

நீதிமன்றங்கள் இந்தப் பதிவை எப்படி எடைபோடுவது என்பதில் எப்போதும் தயக்கத்தோடே இருந்தன. சாட்சியச் சட்டத்தின்படி கடமையின் பகுதியாக எழுதப்பட்ட பொதுப் பதிவேடு ஏற்கத்தக்க சான்று. ஆனால் 1988இல் ஒரு தேர்தல் வழக்கில், தேதியை யார் சொல்லி எழுதினார்கள் என்று தெரியாவிட்டால் பள்ளிப் பதிவுக்கு மதிப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வயதை அறிவதற்குப் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழையோ தேர்வு வாரியத்தின் சான்றிதழையோ முதலிடத்தில் வைக்கிறது. அவை இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால் எலும்புச் சோதனை. 2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற போக்சோ வழக்கொன்றில், மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் இந்தச் சட்டம் கேட்கும் ஆவணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் சிறைக்குச் செல்வதும் செல்லாததும் ஒரு ஜூன் மாதக் காலையில் ஓர் ஆசிரியர் எழுதிய எண்ணில் தொங்கும்போது இந்தத் தயக்கம் நியாயமானதே.

டி.சி.

சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து வெளியே போகும் காகிதம் மாற்றுச் சான்றிதழ். ஊர்வழக்கில் டி.சி. அடிக்கட்டு பள்ளியில் இருக்கும், சான்றிதழ் பிள்ளையோடு போகும். ஒரு பள்ளியில் கட்டணம் பாக்கி வைத்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போவதையும், தேறாத வகுப்பைத் தேறியதாகச் சொல்லிச் சேர்வதையும் தடுக்க ஏற்பட்ட காகிதம் அது. பிறப்பிலேயே வசூல் கருவி.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதன் பல்லைப் பிடுங்கியது. டி.சி. வரத் தாமதமாவதைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது. மருத்துவமனைக் குறிப்போ அங்கன்வாடிப் பதிவோ பெற்றோரின் உறுதிமொழியோ போதும். இருந்தும் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்திவைப்பது தொடர்ந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல, அதில் கட்டண பாக்கி பற்றிய குறிப்பு எழுதக்கூடாது என்று கூறியது.

செங்கல்பட்டுப் பகுதியில் பழைய டி.சி.க்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு தனிக்குழப்பம் உண்டு. 1997 ஜூலையில் பழைய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. நடுவில் செங்கை எம்.ஜி.ஆர். என்ற பெயரும் இருந்தது. ஒரே பள்ளி, ஒரே கட்டடம், முத்திரையில் மட்டும் செங்கல்பட்டு, செங்கை எம்.ஜி.ஆர்., காஞ்சிபுரம், மறுபடி செங்கல்பட்டு. வேலைக்குச் சேர்ந்தவரின் உண்மைத்தன்மைச் சான்று கேட்டு வெளிமாநில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால், இதை விளக்கிப் பதில் எழுதவேண்டியவர் தலைமையாசிரியர்.

இருளர் பிள்ளைகள்

பதிவேட்டின் பாரம் மிகுதியாக விழுவது இருளர் குடும்பங்கள் மீது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் கடற்கரையை ஒட்டிய பகுதிகளிலும் வாழும் இவர்கள் பட்டியல் பழங்குடியினர். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தால் வெளியுலகம் இவர்களை அறியும். அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு குடும்பத்தோடு இடம்பெயர்வது இவர்களிடையே பலகாலமாக உள்ளது. பிள்ளையின் பெயர் ஓர் ஊரின் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை இன்னோர் ஊரின் சூளையில் இருக்கும்.

தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழை 1989 நவம்பர் வரை வட்டாட்சியர் வழங்கினார். அதன்பின் அந்த அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போனது. போலிச் சான்றிதழ்களைத் தடுக்க எடுத்த முடிவு அது. விசாரணையின்போது தகப்பனார், பாட்டனாரின் பள்ளி ஆவணம் முக்கியமாகக் கேட்கப்படும். சாதி பற்றிய வழக்குகளில் பழைய ஆவணங்களுக்கு, குறிப்பாக விடுதலைக்கு முந்தியவற்றுக்கு, அதிக மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் கூறியுள்ளது. பாட்டன் பள்ளிக்குப் போன குடும்பத்துக்கு இது சாதகம். பள்ளியையே பார்க்காத பாட்டனின் பேரனுக்கு, முன்னோர் படிக்காமல் போனதே இன்று தடையாக நிற்கிறது.

பாட்டன் பள்ளிக்குப் போயிருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. இப்பகுதியில் இருளரை வில்லியர் என்று அழைக்கும் வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் குறித்திருக்கிறார். ஊர் அழைத்த பெயரையே ஆசிரியர் பதிவேட்டில் எழுதியிருந்தால், அந்தச் சொல் அரசுப் பட்டியலில் உள்ள இருளர் என்ற சொல்லோடு பொருந்தாது. எழுதியவர் கேட்டதைத்தான் எழுதினார். பிழை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் சான்றிதழ் அங்கே நின்றுவிடும். சான்றிதழ் இல்லாவிட்டாலும் பிள்ளை பள்ளியில் சேரலாம், படிக்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் கல்லூரி இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் போகும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும்.

பீரோவும் கணினியும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் சான்றிதழ்களை இழந்தனர். நகல் சான்றிதழ் வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. இத்தகைய நேரங்களில் சான்றிதழை மறுபடி எழுதுவதற்கு மூலமாக இருப்பது பள்ளியிலுள்ள நோட்டே. அது ஓதத்துக்கும் கரையானுக்கும் தப்பியிருக்க வேண்டும்.

2010களில் எமிஸ் என்ற கல்வி மேலாண்மைத் தகவல் முறை தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் எண் தரப்பட்டது. ஊர் மாறும் பிள்ளை எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று தேடுவது எளிதாயிற்று. கூடவே புதிய வகைச் சிக்கலும் வந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்து பெயருக்கு முன்னால், ஆதாரில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள். ஆதார் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது என்பது 2018 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி தெளிவு. ஆனாலும் பெயர் பொருத்தும் வேலை ஆசிரியர்களின் தலையில் விழுந்தது.

2023இல் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குக் கல்வி நிறுவனச் சேர்க்கை, அரசு வேலை உள்ளிட்டவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று. தமிழ்நாட்டு விதிப்படி அந்தக் குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்கு வருவது 2029 ஜூனில். அவர்களுக்கு முன் பிறந்த எல்லோருக்கும், ஓய்வூதியம் கணக்கிட வேண்டியவர்களுக்கும் பேரனுக்குச் சாதிச் சான்று கேட்பவர்களுக்கும், பீரோவிலுள்ள பழைய நோட்டைத் தேடித்தான் வரவேண்டியிருக்கிறது.